ரெண்டு பிள்ளைக்கு உண்டு

அப்பா எனக்கு எதிர் நாற்காலியில், பஸ்ஸில் யாரோ பாதி நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்த மாதிரி, நுனியில் உட்கார்ந்திருக்கிறார். சாய்ந்து உட்காருங்கப்பா என்று சொல்லத் தோன்றுகிறது. காக்கிச் சட்டை, மடியில் டிக்கெட் மெஷின் வைத்த தோல்பை, நாலு பத்துக்கு வத்தலக்குண்டு டிரிப். இப்போது மணி இரண்டேகால். இருபத்தாறு வருஷமாகக் கண்டக்டர். நான் திண்டுக்கல்லில் இந்த ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது, இந்த ஐந்து வருஷத்தில் அவர் ஒருநாள்கூட இந்த மாடிப்படி ஏறியதில்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு வருமான வரிக் கணக்கு போடுகிறவள் வீட்டிலேயே இருக்க, அவர் மட்டும் டெப்போ வாசல் டீக்கடையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் மணிமுத்துவிடம்தான் போவார். மணிமுத்து ரீஃபண்டு வாங்கிக் கொடுப்பான், வாங்கிக் கொடுத்ததில் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்வான். உனக்கெதுக்குப் பாப்பா சிரமம் என்பார் அப்பா. பெண்பிள்ளை போடுகிற கணக்கில் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு, நினைத்ததை நானாகவே விழுங்கிக்கொள்வேன். இப்போது மணிமுத்துவின் போன் அணைந்து கிடக்கிறது. டெப்போவில் நாற்பது பேருக்கு வருமான வரித்துறையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, அப்பாவுக்கும் வந்திருக்கிறது. மூன்று வருஷமாக நீங்கள் காட்டிய கல்லூரிக் கட்டணத்துக்கு ஆதாரம் கொடுங்கள், இல்லையென்றால் கணக்கைத் திருத்தி வரியைக் கட்டுங்கள். பதினைந்து நாள் கெடு. பன்னிரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்துவிட்டு, இன்றைக்கு ஒரு துணிப்பை நிறையக் காகிதத்தோடு வந்திருக்கிறார்.

பையை மேஜையில் கவிழ்த்தேன். சட்டம் ரொம்ப எளிது. பிள்ளைகள் படிப்புக்குக் கட்டிய டியூஷன் ஃபீசைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டு மீதிக்கு வரி கட்டினால் போதும். ரெண்டு பிள்ளைக்கு உண்டு. ஹாஸ்டல் சேராது, காலேஜ் பஸ் சேராது, நன்கொடை சேராது. வேறு யாரோ கட்டியது சேராது, உதவித்தொகையில் கழிந்தது சேராது. நம் கையிலிருந்து போனது மட்டும். அப்பாவின் காகிதங்கள் வருஷவாரியாக அடுக்கி, மூன்று கட்டாக நூல் போட்டுக் கட்டியிருந்தன, எதையும் தூக்கிப் போடாத மனுஷர், கிழிந்த டிக்கெட்டின் அடிக்கட்டையைக்கூட ஒரு வாரம் பாக்கெட்டில் வைத்திருப்பவர். மேல் கட்டு தம்பி நவநீதனின் காலேஜ் ரசீதுகள். கோயம்புத்தூர்ப் பக்கம் இன்ஜினீயரிங், இந்த வருஷம் கடைசி வருஷம். டியூஷன் ஃபீஸ் ஐம்பத்தைந்தாயிரம், கழிவு இருபத்தைந்தாயிரம், கட்டியது முப்பதாயிரம். மணிமுத்து ஐம்பத்தைந்தையும் அப்படியே எழுதி, ஹாஸ்டலையும் அதன் தலையில் ஏற்றியிருந்தான். அடித்துவிட்டு முப்பது என்று பென்சிலால் எழுதினேன். இரண்டாம் வருஷம் முப்பது. மூன்றாம் வருஷம் முப்பது. கை அதன்பாட்டுக்கு எழுதிக்கொண்டு போனது. இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிய பிறகு நினைவு வருகிற மாதிரி, அதற்குப் பிறகுதான் கண் முதல் ரசீதுக்குத் திரும்பிப் போனது. கழிவு என்ற இடத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது: முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை.

முதல் தலைமுறைப் பட்டதாரி. வீட்டில் இதற்குமுன் யாருமே பட்டம் வாங்காத குடும்பத்திலிருந்து இன்ஜினீயரிங் மாதிரிப் படிப்புக்குப் போகும் பிள்ளைக்கு அரசாங்கம் குறைத்துக்கொள்கிற கட்டணம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, யாரும் வாங்கியிருக்கக் கூடாது. அக்கா. அக்கா நான். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் பி.காம். முடித்தவள், முதல் வகுப்பு, அறுபத்தெட்டு சதவீதம், பட்டமளிப்பு விழாவில் வாடகைக் கறுப்பு அங்கி கழுத்தில் அரிக்க அரிக்க இரண்டரை மணிநேரம் நின்றவள். அரசாங்கத்தில் ஏதோ குறைக்கிறார்கள் என்று அப்பா அந்த வருஷம் சொன்னது எனக்குத் தெரியும். எல்லாருக்கும் குறைக்கிற ஏதோ ஒன்று என்று இருந்துவிட்டேன். தம்பிக்கு இடம் கிடைத்து அம்மா கேசரி கிண்டிய நாளில் ரசீதை வாங்கி யார் படித்துப் பார்ப்பார்கள்? ஊரார் ரசீதையெல்லாம் படிக்கிறவள் படிக்கவில்லை. ஒருவேளை எழுத்துப்பிழையாக இருக்கும், காலேஜில் எதையாவது மாற்றிப் போட்டிருப்பார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், நிஜமாகவே நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இப்போது என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அடுத்த காகிதம் சான்றிதழின் ஜெராக்ஸ். தாலுகா ஆபீஸ் முத்திரை. குடும்ப உறுப்பினர் விவரம். தகப்பனார் பெருமாள்சாமி, பத்தாம் வகுப்பு. தாயார் பஞ்சவர்ணம், எட்டாம் வகுப்பு. சகோதரி ரேணுகாதேவி, பன்னிரண்டாம் வகுப்பு.

பன்னிரண்டாம் வகுப்பு. தட்டச்சு செய்தவருக்கு என்மேல் எந்தப் பகையும் இல்லை, அப்பா சொன்னதை அடித்திருக்கிறார். கீழே உறுதிமொழி, மேற்கண்ட விவரங்கள் உண்மை. அப்பாவின் கையெழுத்து, பெருமாள்சாமியில் ‘ள்’ளை மட்டும் மேலே தூக்கிப் போடுகிற அதே கையெழுத்து, என் மார்க் அட்டைகளில் பன்னிரண்டு வருஷம் பார்த்த கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் நவநீதன் கையெழுத்து. அவனும் போட்டிருக்கிறான். பதினெட்டு வயசு அப்போது. படித்துப் பார்த்துத்தான் போட்டிருப்பான், படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று அவனுக்குச் சொன்னதே நான்தான். கீழே ஜெராக்ஸ் கடையில் மெஷின் ஓடுகிற சத்தம் தரை வழியாகக் காலுக்கு வருகிறது, சூடான மசி வாசனை படிக்கட்டு வழியாக வருகிறது. அப்பா மின்விசிறியைப் பார்க்கிறார். தண்ணி வேணுமாப்பா என்று கேட்டேன். வேணாம்மா நீ பாரு என்றார். பார்க்கிறேன். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஜூலை. அந்த ஜூலையில் நான் எங்கே இருந்தேன்? பழனியில் இருந்தேன். சித்திக்கு உடம்பு முடியலையாம், ரெண்டு நாள் போய்க் கூடமாட இருந்துட்டு வா என்று அம்மா அனுப்பினாள். போய்ப் பார்த்தால் சித்தி நன்றாகத்தான் இருந்தாள், வாசலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், சிரிப்பில் ஒரு கூச்சம் இருந்தது, எனக்கு அது அப்போது கூச்சமாகத் தெரியவில்லை. ரெண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது முன்னறைச் சுவரில் அங்கி போட்ட என் போட்டோ இல்லை. கண்ணாடி உடைந்துவிட்டது, மாட்டக் கொடுத்திருக்கிறேன் என்றார் அப்பா. மூன்று வருஷமாக ஒரு கண்ணாடியை மாட்டுகிறார்கள். நான் ஒன்றிரண்டு தடவை கேட்டேன், அப்புறம் கேட்கவில்லை. என் போட்டோவை நானே எத்தனை தடவை கேட்பது என்று வெட்கமாக இருந்தது. சான்றிதழுக்காக விசாரிக்கக் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்த நாட்கள் அவை. இப்போது ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்காருகிறது. இவ்வளவு சுத்தமாக உட்காருவதுதான் தாங்க முடியவில்லை.

உட்காருகிறதே தவிர நிற்கவில்லை, இன்னும் இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிலக்கோட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் கூட்டுறவு வங்கியில் கிளார்க், நெற்றியில் சின்ன வெட்டுத் தழும்பு. மொட்டைமாடியில் பத்து நிமிஷம் பேச விட்டபோது, மார்ச் மாசம் உங்க ஆபீஸ்ல தூங்கவே விடமாட்டாங்களாமே என்று கேட்டான். வேலையைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். நான் என்ன படித்தேன் என்று அவன் கேட்கவில்லை, கீழே அப்பா அதற்குள் சொல்லிவிட்டிருந்தார். பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிருக்கு, கம்ப்யூட்டர் கோர்ஸ் பண்ணிருக்கு. அடுப்படியில் என் காதிலும் விழுந்தது. அம்மாவிடம் கேட்டதற்கு, அப்பாவுக்குத் தெரியாதா, கூடுதலாப் படிச்ச பொண்ணுன்னா மாப்ளை வீட்டுல யோசிப்பாக, விடு என்றாள். விட்டேன். ஒரு வாரம் கழித்துத் தரகர் வந்து, டிகிரி முடிச்ச பொண்ணாப் பாக்குறாகளாம் என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார். நான்தான் மோரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டிகிரி முடித்த கையால். அந்தப் பையனின் பெரியப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறார் என்று அன்றைக்குப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள், அது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அதற்காகத்தான் அந்தப் ப்ளஸ் டூ. குரூப் டூ பரீட்சை எழுதுகிறேன் என்றபோது, தம்பி முடிக்கட்டும் பாப்பா, வீட்டுல ஒரே நேரத்துல ரெண்டு பேர் படிச்சா நல்லாவா இருக்கும் என்றதும் அதற்காகத்தான். சர்க்கார் வேலைக்கு விண்ணப்பித்தால் சர்க்காருக்கே தெரிந்துவிடும் அல்லவா, பெருமாள்சாமி மகள் பட்டதாரி என்று. அந்தப் பையனைப் பிடித்திருந்ததா என்று கேட்டால் தெரியாது. பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள இன்னொரு பத்து நிமிஷம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

போனில் நவநீதனின் செய்தி. அக்கா, அப்பா வந்தாரா? பாத்துப் பண்ணுக்கா. பாத்து. எதைப் பார்த்து? மாசம் பதினாலாயிரம் சம்பளத்தில் ஆயிரத்தைந்நூறு அவன் கைச்செலவுக்கு அனுப்புகிறேன், அனுப்பியதும் ஒரு கும்பிடு போடும் பொம்மை வரும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் முதலில் என்னிடம்தான் பேசுவான். நல்ல பிள்ளை. கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த ஜூனில் சேர வேண்டும், சேரும்போது எல்லாச் சான்றிதழையும் சரிபார்ப்பார்கள். இந்தச் சான்றிதழ் பொய் என்று ஒருத்தர் எழுதிப்போட்டால் போதும், மூன்று வருஷச் சலுகை எழுபத்தைந்தாயிரத்தையும் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், வேலையும் என்னாகும் என்று தெரியாது. பாத்துப் பண்ணுக்கா. போனைக் கவிழ்த்து வைத்தேன். உள்ளறையில் ஆடிட்டர் லூர்து சார் தோல் பதனிடுகிற ஷாப்காரர் ஒருவரிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். அப்பா அந்தச் சத்தத்துக்கு இன்னும் கொஞ்சம் நுனிக்கு வருகிறார்.

இரண்டாவது கட்டைப் பிரித்தேன். டெப்போவில் சம்பளப் பிரிவுக்கு வருஷாவருஷம் கொடுக்கிற படிவம், எந்தெந்தச் செலவைக் கழிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது. முதல் வரி, மகன் நவநீதன், கல்லூரிக் கட்டணம். இரண்டாவது வரியில் என் பெயர். மகள் ரேணுகாதேவி, கல்லூரிக் கட்டணம், நாற்பத்தெட்டாயிரம். போன வருஷம். அதற்கு முந்தைய வருஷமும். அதற்கு முந்தைய வருஷமும். கூடவே ரசீதுகள், நான் பெயரே கேள்விப்படாத ஒரு காலேஜ், ரப்பர் ஸ்டாம்ப்பு கோணலாக விழுந்திருக்கிறது, முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு. பாஸாகிப் பாஸாகி மேலே போயிருக்கிறேன். தாலுகா ஆபீசில் நான் காலேஜ் வாசலையே மிதிக்காதவள். வரி ஆபீசில் மூன்று வருஷமாகக் காலேஜுக்குப் போய்வருகிறவள். இந்த நாற்காலியில் உட்கார்ந்து காலை ஒன்பதரையிலிருந்து ஏழு மணிவரை அடுத்தவர் கணக்குப் பார்த்த அத்தனை நாளும் நான் அந்தக் கோணல் ஸ்டாம்ப்பு காலேஜில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். சிரிப்பு வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அப்பா முன்னால் காகிதத்தைத் திருப்பி வைத்தேன். என் பெயர் இருக்கும் வரியில் விரலை வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார், கண்ணாடியை எடுத்துப் போடவில்லை. கண்ணாடி இல்லாமலே அந்த வரி அவருக்குத் தெரிந்தது.

“ரெண்டு பிள்ளைக்கு உண்டுன்னான் மணிமுத்து. உங்களுக்கு எத்தனை பிள்ளைன்னான். ரெண்டுன்னேன். பேரு கேட்டான், சொன்னேன்.”

“நான் படிச்சு முடிச்சிட்டேன்னு சொல்லலையாப்பா?”

“அவன் கேக்கலையே.”

அவ்வளவுதான். அதில் பொய் இல்லை. பேரு கேட்டான், சொன்னேன். தாலுகா ஆபீசிலும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள், அவர் சொல்லியிருப்பார். கூட்டம் நெரிகிற பஸ்ஸில் இருபத்தாறு வருஷம் நின்று, எங்கே இறங்கணும் என்று கேட்டு, சொன்ன இடத்துக்குக் கிழித்துக் கொடுத்தே பழகின மனுஷர். சாயங்காலம் வந்து காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்தால் கெண்டைக்காலில் நரம்பு நீலமாகப் புடைத்துச் சுருண்டிருக்கும், அம்மா எண்ணெய் தடவுவாள், அந்தக் காலைப் பார்த்துவிட்டால் எனக்கு எதையும் கேட்க வாய் வராது. இப்போதும் மேஜைக்கு அடியில் அந்தக் கால் இருக்கிறது என்று தெரியும். அதனால்தான் குனியக் கூடாது, பென்சில் விழுந்தால்கூடக் குனியக் கூடாது. அவர் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். எழுந்ததும் தோல்பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போகவில்லை, தோளில் மாட்டிக்கொண்டார். மகள் ஆபீசிலும் பையை விட்டுப் போகமாட்டார். படியிறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்தார். அது காதில் விழுந்தது.

அவர் இல்லாத பத்து நிமிஷத்தில் அடிக் கட்டைப் பிரித்தேன். பிரிக்க வேண்டிய அவசியமில்லை, கடிதம் கேட்டது மூன்று வருஷம், இது ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. ஆனால் கை பிரித்தது. நான் காலேஜ் போன மூன்று வருஷமும் அப்பா டெப்போவில் கொடுத்த படிவங்கள். மகள் ரேணுகாதேவி, பி.காம்., கல்லூரிக் கட்டணம் பதினெட்டாயிரம். பி.காம். என்றே எழுதியிருக்கிறார், தன் கையால், அழகாக. ஆனால் அந்தப் பதினெட்டாயிரத்தை அப்பா கட்டவில்லை. பலசரக்கு வியாபாரிகள் சங்கத்து அறக்கட்டளை கட்டியது. வருஷாவருஷம் ஆகஸ்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருபத்திரண்டு பெண்களை வரிசையாக நிற்கவைத்து, செயலாளர் ஒரு மணிநேரம் பேசி, ஒவ்வொருத்தியாக மேடையேறிக் கவரை வாங்கிக் கும்பிட வேண்டும். கும்பிடும்போது போட்டோ எடுப்பார்கள். சரியாக விழாவிட்டால் திரும்பக் கும்பிடச் சொல்வார்கள். மூன்று வருஷம், நான்கு கும்பிடு. அப்பா டூட்டிக்கு நடுவில் காக்கியோடு வந்து கடைசி வரிசையில் நின்று கைதட்டினார். அதே வாரம், முதல் வருஷம், அவர் பஸ்ஸிலேயே ஏறினேன், எனக்கும் டிக்கெட் கிழித்துத் தன் பாக்கெட்டிலிருந்து காசைப் பையில் போட்டார். முன்சீட்டு அம்மாள் யாரென்று கேட்க, எம் பொண்ணு, காலேஜு போகுது, பி.காமு என்று, டிரைவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். அந்தச் சத்தத்தை நான் வருஷக்கணக்காக வைத்திருந்தேன். மனசு சரியில்லாத நாளில் எடுத்துப் பார்ப்பேன். அந்தச் சத்தமும் உண்மை, இந்தப் படிவமும் உண்மை. நான் கும்பிட்டு வாங்கியதைத் தான் கட்டியதாக எழுதி அவருக்கு மிச்சமான வரி வருஷத்துக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். கால்குலேட்டர் தேவைப்படவில்லை. இன்னும் பெரிய தொகையாக இருந்திருக்கலாம். ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று இருந்திருந்தால் கோபப்படுவதற்காவது ஒரு கணக்கு இருந்திருக்கும்.

அப்பா திரும்பி வந்தபோது அடிக் கட்டை மறுபடி நூல் போட்டுக் கட்டியிருந்தேன். எனக்கும் ஒரு டீ வாங்கிவந்திருந்தார், பேப்பர் கப்பில், ஏடு படிந்து. நான் கணக்கைச் சொன்னேன். கழிவெல்லாம் சேர்த்து வருமானத்தை ஐந்து லட்சத்துக்குக் கீழே இறக்கினால் வரியே இல்லை, மணிமுத்து அதற்குத்தான் இத்தனையும் ஏற்றியிருக்கிறான், உண்மையான தொகையை மட்டும் வைத்தால் ஐந்துக்கு மேலே போகிறது, மூன்று வருஷத்துக்கும் வரி, வட்டி, கூடுதல் வரி எல்லாமாக எண்பதாயிரத்துச் சொச்சம் வரும் என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சொசைட்டியில் லோன் போடலாம் என்றார். பிறகு, என் பெயரில் வேறு ஏதாவது படிப்பு, தபாலில் படிக்கிற மாதிரி, காட்ட முடியாதா என்று கேட்டார். தபால் படிப்பு சேராதுப்பா என்றேன். எவ்வளவு அமைதியாகச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது, இனி இந்த அமைதிதான் எனக்குப் பழக்கமாகிவிடும் போலிருக்கிறது. திருத்திய கணக்கோடு அப்பா பெயரில் ஒரு விளக்கக் கடிதம் வைக்க வேண்டும். நவநீதனுக்கு நிஜமாகக் கட்டியது முப்பதாயிரம் என்று அடித்தேன், அதில் சிக்கல் இல்லை. இரண்டாவது பத்தியில் நான் வர வேண்டும். என் மகள் ரேணுகாதேவி, என்று அடித்தேன். கை நின்றது. என் மகள் ரேணுகாதேவி இந்தக் காலத்துக்கு முன்பே பட்டப்படிப்பை முடித்துவிட்டார் என்பது உண்மை. அதை எழுதினால் தாலுகா ஆபீஸ் சான்றிதழ் பொய். ஒரு ஆபீஸ் காகிதத்தை இன்னொரு ஆபீஸ் பார்க்காதுதான், நாற்பது பேர் கடிதத்தில் ஒரு கண்டக்டரின் மகள் என்ன படித்தாள் என்று யார் தேடப்போகிறார்கள், ஆனாலும் காகிதம் காகிதம்தான், ஒன்பது வருஷத்துக் காகிதமே நூலோடு வந்து மேஜையில் விழவில்லையா. அழித்தேன். என் மகள் ரேணுகாதேவி கல்லூரியில் படிக்கவில்லை என்று அடித்தேன். மேற்படி ரசீதுகள் முகவரால் தவறாக இணைக்கப்பட்டவை. படிக்கவில்லை. இப்போது படிக்கவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், எப்போதுமே படிக்கவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். வரி ஆபீஸ் ஒரு விதமாகப் படிக்கும், தாலுகா ஆபீஸ் இன்னொரு விதமாகப் படிக்கும், இரண்டுக்கும் பொருந்தும். இப்படி ஒரு வாக்கியத்தை அமைக்க எனக்குத் தெரிகிறது. ஐந்து வருஷ அனுபவம். அவர் சொல்ல, யாரோ தட்டச்சு செய்த பன்னிரண்டாம் வகுப்பைவிட இது சுத்தமான வேலை.

அச்செடுத்துக் கொடுத்தேன். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு, கட்டைவிரலை எச்சில் தொட்டு, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். இரண்டாவது பத்தியில் விரல் கொஞ்சம் நின்று நகர்ந்தது. தோள் இறங்கியது. நாற்காலியில் முதல்தடவையாகச் சாய்ந்தார்.

“இது போதும் பாப்பா. நல்லா எழுதிருக்க. உன் படிப்பு வேற எங்கயும் இதுல வராதுல்ல?”

ஆக, தெரிந்துதான் இருக்கிறது. நான் பார்த்தேன் என்பதும் தெரிந்திருக்கிறது. டீ வாங்கிவந்ததும் தெரிந்துதான். நான் ஏதாவது கேட்பேன் என்று எதிர்பார்த்துப் பன்னிரண்டு நாள் கடிதத்தைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் போய்ப்போய் வந்திருக்கிறார். கேட்கக் கூடாது என்று நினைத்தேன். நவநீதனுக்கு இன்னும் ஒரு வருஷம்தான், அவன் வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கிய பிறகு கேட்கலாம், அல்லது கேட்காமலே விடலாம், அம்மா சொல்கிற மாதிரி விடு. ஆனால் வாய் கேட்டுவிட்டது, வேறு யாருக்கோ விண்ணப்பம் நிரப்பும்போது கேட்கிற குரலில்.

“நான் என்னப்பா படிச்சிருக்கேன்?”

“அது எதுக்கும்மா இப்ப.”

“சொல்லுங்க.”

அவர் உள்ளறைக் கதவைப் பார்த்தார். படிக்கட்டுப் பக்கம் பார்த்தார், யாரும் இல்லை. பிறகு மேஜைமேல் குனிந்து, வாயை அதிகம் திறக்காமல், பி.காமு என்றார். டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்டவனைச் சபையில் கேவலப்படுத்த வேண்டாம் என்று, காதோடு, எங்கேப்பா ஏறின என்று கேட்பாரே, அந்தக் குரல். எனக்குக் கேட்டது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லவில்லை. அந்தக் குரலை மறுபடி கேட்டுவிட்டால் பஸ்ஸில் கேட்ட குரல் அழிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அது அதற்குள் அழிந்துவிட்டிருக்கலாம்.

கையெழுத்துப் போட்டார், ‘ள்’ளைத் தூக்கி. லூர்து சார் ஆபீசில் ஒரு வழக்கம், வெளியே போகிற எந்தக் கடிதமானாலும் கடைசி வரியில் தயாரித்தவர் தன் பெயரையும் படிப்பையும் தன் கையால் எழுத வேண்டும், எவன் செய்த தப்பு என்று பிற்பாடு தெரிய வேண்டும் என்பதற்காக. அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே, தயாரித்தவர் என்ற இடத்தில் பெ. ரேணுகாதேவி என்று எழுதினேன். கமா போட்டேன். பேனா காகிதத்திலேயே நின்று மசி ஒரு புள்ளியாக ஊறியது. நவநீதனின் முகம் வந்தது, கும்பிடு போடும் பொம்மை வந்தது, மேஜைக்கு அடியில் நீல நரம்போடு அந்தக் கால் வந்தது. பி.காம். என்று எழுதினேன். மேலே என் மகள் ரேணுகாதேவி கல்லூரியில் படிக்கவில்லை, கீழே பெ. ரேணுகாதேவி, பி.காம்., ஒரே காகிதத்தில், நடுவில் பெருமாள்சாமி. ஸ்கேனரில் வைத்தேன். வெளிச்சக் கோடு மேலிருந்து கீழே நகர்ந்தது. கணினியில் ஏற்றிப் பொத்தானை அழுத்தி ஒப்புகை எண் வந்த பிறகுதான் காகிதத்தை அவரிடம் கொடுத்தேன், உங்க காப்பி என்று. அவர் மடிக்கப் போனவர் மடிக்காமல் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இதை எடுக்க முடியாதா என்று கேட்டார். ஏத்தியாச்சுப்பா, ஆபீஸ் வழக்கம் என்றேன். யாராவது கவனிப்பார்களா என்று கேட்டார். தெரியலைப்பா என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேனா, கவனிக்கக் கூடாது என்று நினைக்கிறேனா என்பதும் தெரியவில்லை. எழுதும்போது தைரியம் மாதிரி இருந்தது, இப்போது அப்படி இல்லை.

அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பாக்கெட்டில் வைத்தார். துணிப்பையில் கட்டுகளை அடுக்கிக் கொடுத்தேன், அடிக் கட்டை அடியில், மேல் கட்டை மேலே. தோல்பையை மாட்டிக்கொண்டு படிக்கட்டுவரை போனவர் திரும்பி நின்றார்.

“அம்மாகிட்ட சொல்லிராத பாப்பா.”

“எதைப்பா?”

அவர் யோசித்தார். கைப்பிடியைப் பிடித்தபடி, என் முகத்தைப் பார்க்காமல், நிஜமாகவே யோசித்தார். நாலு மணி ஆகிவிட்டது, டிரிப்புக்கு நேரமாகிறது என்றேன். சரி என்று இறங்கிப் போனார்.